இரண்டாம் வயலின் வரிசைக்கு ஒரு பழுது அறிக்கை

அன்பு மகள் குடுக்கைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் வலது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். உன் நலத்தையும், உன் வயலினின் நலத்தையும், தோள்பட்டை வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை நீ ஒழுங்காகச் செய்கிறாயா என்பதையும் அறிய ஆவல். நீ குழுவோடு வெளியூர் போயிருக்கிறாய், அடுத்த வாரம்தான் அறைக்குத் திரும்புவாய் என்று அம்மா சொன்னாள். திரும்பியதும் பையை இறக்கி வைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படி. அதற்குள் உங்கள் மேலாளர் உன்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டால் போ, உட்காரச் சொன்னால் உட்கார், தண்ணீர் கொடுத்தால் குடி. ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை எதையும் ஒத்துக்கொள்ளாதே.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கடந்த இரண்டு வருடமாக நீயும் நானும் ஃபோனில் பேசியதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், "அப்பா, நல்லா இருக்கீங்களா", "இருக்கேன்மா", "அம்மாட்ட குடுங்க" என்ற மூன்று வரிதான் தேறும். இதில் நான் செய்த காரியத்தை எந்த வரிக்கு நடுவில் நுழைப்பது? அம்மாவிடம் கொடுத்தாலும் எனக்கு அங்கே வேலை இருப்பதில்லை. நீ வாயைத் திறக்கும் முன்பே அவள் "சொல்லுடீ, என்ன சளியா" என்று ஆரம்பித்துவிடுகிறாள். ஆஸ்பத்திரி டெலிஃபோன் போர்டில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள், மறுமுனையில் இருப்பது யார் என்று ஹலோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அவளும் விளக்கியதில்லை.

நமக்குள் பேச்சு ஏன் மூன்று வரியாகச் சுருங்கியது என்பது எனக்குத் தெரியும். உனக்கு அந்த இசைக்குழுவில் இடம் கிடைத்த அன்று நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "ரெண்டாம் வயலின்ப்பா, மொத்தம் பதினாறு பேர், கடைசி வரிசை, ரெண்டு வருஷம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க" என்று முகம் நிறையச் சிரிப்போடு சொன்னாய். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. "பதினாறு பேர் ஒரே நேரத்துல ஒரே வேலையைச் செய்யுற இடத்துல ஒருத்தர் இல்லேன்னா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். ஆலையில் ஆட்குறைப்பு வரும்போது மேலிடத்தார் கேட்கிற கேள்வி அது. அதைக் கொண்டுவந்து பெற்ற மகளிடம் கேட்டுவிட்டேன். நீ கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாய். அன்றிலிருந்து அந்தக் கேள்வி இந்த வீட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் நீ அனுப்பிய ஆல்பம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய கறுப்புத் தட்டு. இந்தக் காலத்தில் மறுபடியும் இதுதான் மோஸ்தராம், கீழ்வீட்டுத் தையல்காரர் சொன்னார். உறையின் உள்ளே நீ ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தாய். "அப்பா, யாருக்குத் தெரியும்னு கேட்டீங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க." அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரும் என்று அம்மா எதிர்பார்த்தாள். வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. முப்பத்து நாலு வருடம் ஆலையில் என் வேலையே அதுதானே. நானூறு மோட்டார் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் ஸ்குரூடிரைவர் நுனியை இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, "ஏழாவது வரிசை, மூணாவது மோட்டார், உள் பக்கத்து பேரிங், இன்னும் பத்து நாள்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். காது சார் என்றால் கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரியும். பதினாறு வயலினில் ஒரு மகளைக் கண்டுபிடிக்க முடியாதா என்று இறங்கிவிட்டேன்.

பிளேயரைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். ஓய்வு பெற்ற அன்று ஆலையின் ஓய்வறையில் கிடந்ததை எனக்கே கொடுத்துவிட்டார்கள் அல்லவா, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் துடைத்து, வைக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் வைத்து, என் கையாலேயே மாட்டினேன். இதுவரை அதில் ஓடியது தீயணைப்புப் பயிற்சித் தட்டு ஒன்றுதான், அதுவும் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். "இந்தப் பிளேயர்ல ஒரு பொட்டுச் சத்தம் வந்தா நான் மீசையை எடுத்துடறேன்" என்று கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லியே வைத்தேன். இந்த மீசையைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

முதல் நாள் தட்டைப் போட்டேன். எல்லோரும் சேர்ந்து கொஞ்ச நேரம் வாசித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக அடங்க, ஒரே ஒரு வயலின் மட்டும் தனியாகக் கிளம்பியது பார், அதை நான் எப்படிச் சொல்வேன். சன்னமாக ஆரம்பித்து, ஏதோ கேட்க வந்து தயங்குவது போல இரண்டு தரம் நின்று, பிறகு கேட்டேவிட்டது. அறுபது பேரும் சேர்ந்து அதற்குப் பதில் சொன்னார்கள். அது திரும்பக் கேட்டது. என் மகள் கடைசி வரிசை என்று சொன்னது தன்னடக்கம், இவள்தான் அத்தனை பேரையும் கேள்வி கேட்கிறாள் என்று முடிவு செய்து, மாடிப்படியில் பாதி இறங்கித் தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் அசையாமல் கேட்டார், நானும் அவரும் மாறி மாறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பிறகு அவர் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "சார், உங்க பொண்ணு தாடி வெச்சிருக்காங்களா?" படத்தில் நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு மனிதர் வயலினோடு நின்றுகொண்டிருந்தார். தனியாக வாசிப்பவர் அவர்தானாம், விருந்தாளியாக வந்தவராம். அவருக்காக நான் அழுத கண்ணீரைத் திரும்ப வாங்க வழியில்லை. நீ அவரைப் பார்த்தால் நன்றாக வாசித்தார் என்று சொல்.

மறுநாள் முறைப்படி ஆரம்பித்தேன். ஒலிபெருக்கிப் பெட்டியின் பலகையில் ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினேன். வயலின்கள் தெளிவாகத்தான் வந்தன. ஆனால் உங்கள் குழுவில் பின்னால் பெரிய அண்டா மாதிரி இரண்டு மேளம் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறாரே, அவர் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு போடு போட்டார். ஸ்குரூடிரைவர் வழியாக அந்த அடி நேராக என் மண்டைக்குள் இறங்கியது. இரண்டு நாள் என் காதில் வண்டு பறந்தது. காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எந்த மெஷின்ல வேலை பாக்குறீங்க?" என்றார். "இசைக்குழுவில" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மூன்றாவது முயற்சி. உறைக்குள் இருந்த தாளில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படம் போட்டிருந்தார்கள். இரண்டாம் வயலின் இடது பக்கத்து உட்புறம். அப்படியானால் வலது பெட்டியின் சத்தம் எனக்குத் தடை என்று கணக்குப் போட்டு, அதைக் கழற்றி, நீளமான ஒயர் சேர்த்து, மாடிப்படி வழியாகத் தையல்காரர் கடையில் இறக்கிவிட்டேன். இடது பக்கத்தை நான் மேலே கேட்பது, வலது பக்கத்தை அவர் கீழே கேட்பது, ஏதாவது தனியாகத் தெரிந்தால் குரல் கொடுப்பது என்று ஏற்பாடு. இதில் நான் யோசிக்காத ஒன்று, அவர் கால் மிதியில் இருந்தது. இசை மெதுவாகப் போனபோது அவர் மிஷினும் மெதுவாகப் போனது. கடைசியில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஓட்டம் ஓடுகிறீர்களே, அதில் அவர் காலும் ஓடிப்போய், ஒரு வாடிக்கையாளரின் பேண்ட்டில் இரண்டு காலையும் சேர்த்து மூட்டிவிட்டார். "சார், என் பக்கம் ஒண்ணும் தனியாத் தெரியல, எல்லாம் ஒண்ணாப் போயிடுச்சு" என்று கீழிருந்து குரல் வந்தது. பேண்ட்டைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்னைத் தேடுவதற்காகப் போட்ட தட்டை, உன்னைத் தேடாத நேரத்திலும் போட ஆரம்பித்தேன். காலையில் பல் தேய்க்கும்போதே அந்தக் கேள்வி கேட்கிற இடம் மனசுக்குள் ஓடுகிறது. எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு, நேரம் கிடைக்கும்போது பதில் எழுது. அந்தத் தாடிக்காரர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் தனியாக நாலு நிமிடம் வாசிக்கிறாரே, அப்போது மற்ற அறுபது பேரும் என்ன செய்கிறீர்கள்? வேலை நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மேற்பார்வையாளர் எப்படி விடுகிறார்? பதினாறு பேரும் வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று யார் முடிவு செய்வது, ஓட்டெடுப்பா? அந்த அண்டாக்காரர் பத்து நிமிடம் சும்மா இருக்கும்போது எண்ணிக்கொண்டே இருப்பாரா, நடுவில் தும்மல் வந்தால் எண்ணிக்கையை யாரிடம் கேட்பார்? இந்த வயதில் இதெல்லாம் எனக்கு எதற்கு என்று அம்மா கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் நாலு வயதில் நீ மிக்ஸியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்ட கேள்விகளைவிட இவை மோசமில்லை.

பதினோராம் நாள் உன்னைக் கண்டுபிடித்தேன்.

முதல் பக்கம், பத்தொன்பது நிமிடம் நாற்பது நொடி. தாடிக்காரர் தனியாக வாசித்து முடித்து நிறுத்துகிறார். ஒரு சின்ன அமைதி. பிறகு இரண்டாம் வயலின்கள் மட்டும், வேறு யாரும் இல்லாமல், மெத்தென்று ஆரம்பிக்க வேண்டும். அந்த அமைதியில், மற்றவர்கள் ஆரம்பிப்பதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு முன்னால், நூல் மாதிரி மெல்லிய ஒரு சத்தம் முந்திக்கொண்டு வருகிறது. எட்டுத் தரம் போட்டேன். எட்டுத் தரமும் அதே இடம். வேறு யாராக இருக்க முடியும்? டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முந்திப் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு முன்னால் பையை மாட்டிக்கொண்டு நின்றவள், பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்கி முட்டியைப் பேர்த்துக்கொண்டவள். அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தானே உன் பெயரே குடுக்கை ஆனது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வந்து கேளு, நம்ம பொண்ணு" என்றேன். அவள் பெட்டியைக்கூட நிமிர்த்தி வைக்காமல், "அது அவ இல்ல" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அது அவ இல்லைங்க, அவ்வளவுதான்" என்றாள். முப்பத்து நாலு வருடம் ஆலையில் ஓடித் தேய்ந்த காதை இஸ்திரிப் பெட்டி வந்து திருத்துவதா என்று நான் அதற்கு மேல் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். மனசைத் திடப்படுத்திக்கொள். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அதை யாரிடமாவது முறைப்படி சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய படிவம் ஒன்று மேசை டிராயரில் இருந்தது. அதை எடுத்து நிரப்பி உங்கள் மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. "பொருள்: இரண்டாம் வயலின் வரிசை, கடைசி இருக்கை, ஒலி முந்துதல். பழுது கண்ட இடம்: முதல் பக்கம், 19 நிமிடம் 40 நொடி. பழுதின் தன்மை: கூட்டத்துக்கு முன்னதாகத் தொடங்குகிறது. பழுதின் காரணம்: பிறவி. பரிந்துரை: கழற்ற வேண்டாம். மாற்ற வேண்டாம். அப்படியே ஓடட்டும். கையொப்பம்: மேற்படி உறுப்பின் தகப்பன்."

தபால் ஆபீசிலிருந்து விசில் அடித்துக்கொண்டு திரும்பினேன். தையல்காரர் அந்தப் பேண்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நகலைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஊசியை வாயிலிருந்து எடுத்து வைத்தார். "சார், நான் போடுற உள்தையல் வெளிய தெரிஞ்சா சட்டை எனக்கே திரும்பி வந்துடும். அங்க பதினாறு பேரும் ஒரே ஆள் மாதிரிக் கேக்கணும்னுதானே உக்கார்ந்திருக்காங்க. அதுல ஒருத்தங்க மட்டும் தனியாத் தெரிஞ்சா, அது நல்லதா?" என்றார். "இந்த மாசம்தானே அவங்களை நிரந்தரம் பண்ற மாசம்னு சொன்னீங்க?" என்றும் கேட்டார். எனக்குக் கால் இரண்டும் அந்தப் பேண்ட்டுக்குள் மாட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது.

திரும்ப ஓடினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ரசீதைப் பார்த்துவிட்டு, "தபால் பை போயிடுச்சுங்க" என்றாள். "தப்பான லெட்டர்மா" என்றேன். "முகவரி தப்பா?" "முகவரி சரி, பின்கோடு சரி, நான்தான் தப்பு" என்றேன். அதற்கு அவளிடம் படிவம் இல்லையாம். உடனே உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். "காத்திருக்கவும்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு இசையைப் போட்டார்கள். என்ன இசை என்கிறாய், அதே தட்டு. தாடிக்காரர் தனியாக வாசிக்கிற இடம். அது முடிந்ததும் நீங்கள் வர வேண்டும். ஃபோனில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கிறது பார்ப்போம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியாக அவர் முடிக்கப்போகிற நேரத்தில் ஒரு அம்மா இசையை வெட்டிவிட்டு, "வணக்கம், என்ன வேணும்?" என்றார். "இன்னும் ஒரு நிமிஷம் இருங்கம்மா, அதையே திரும்பப் போடுங்க" என்றேன். "யார் பேசறீங்க?" என்றார். எதற்கு ஃபோன் செய்தேன் என்பதே மறந்துபோய் வைத்துவிட்டேன்.

இந்த நாலைந்து நாளாக யோசித்துப் பார்த்தேன், குடுக்கை. அந்த ஆலையில் நாலாயிரம் பேரிங்குக்கு மேல் இருந்தன. என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பது கெட்டுப்போன இருநூற்றுச் சொச்சம்தான். மற்றவற்றைப் பற்றி முப்பத்து நாலு வருடத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை. அவை சத்தம் போடவில்லை, அதனால் அவை இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனால் ஆலை ஓடியது அவற்றின் மேல்தான். நல்ல பேரிங் காதில் விழாது என்று புதிதாகச் சேர்ந்த ஆட்கள் எல்லோருக்கும் வகுப்பெடுத்த நான், உன்னிடம் வந்து, நீ காதில் விழவில்லை என்றால் நீ எதற்கு என்று கேட்டிருக்கிறேன். அதை இரண்டு வருடம் சுமந்துகொண்டு நீ தினமும் போய் அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாய். நான் கேட்டது தப்பு. இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது, ஃபோனில் வராது.

உன் தப்பு காதில் விழுந்தபோது எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்றும் யோசித்தேன். இரண்டு வருடம் கழித்து உன் குரலைக் கேட்டது போல இருந்தது, வேறொன்றுமில்லை. அதற்காக உன் வேலையில் கை வைத்துவிட்டேன். மேலாளர் கேட்டால் என் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவர் எதைப் பார்த்தாலும் அறிக்கை எழுதுவார் என்று சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேண்டுமானால் நானே வந்து படிவத்தை ரத்து செய்து எழுதிக் கொடுக்கிறேன். நீ மட்டும் இனிமேல் அந்த இடம் வரும்போது மனசுக்குள் ஒன்று எண்ணிவிட்டு ஆரம்பி. ஐந்தில் ஒரு பங்குதான், பெரிய விஷயமில்லை, சரி செய்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். தோள்பட்டையையும் பார்த்துக்கொள். அம்மா உன்னை விசாரித்தாள் என்று எழுதச் சொல்லவில்லை, அவள் உன்னோடு தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். தையல்காரர் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார். உன் பக்கத்து நாற்காலிக்காரருக்கும், அண்டாக்காரருக்கும், தாடிக்காரருக்கும் என் மரியாதையைச் சொல். பதினாறு பேரும் பல்லாண்டு ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடித்து நலமாக இருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்த,
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டேன், தபால்தலை வாங்கப் போகும்போது தபால்காரர் எதிரில் வந்து உங்கள் மேலாளரின் பதிலைக் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் மன்னிப்புக் கேட்டதையும் மட்டும் வைத்துக்கொள், மற்றதை அடித்துவிடு. அவர் எழுதியிருப்பது இது: "ஐயா, தங்கள் பழுது அறிக்கை கிடைத்தது. தாங்கள் குறிப்பிட்ட இடத்தை எங்களிடம் உள்ள தட்டில் ஒலிப்பதிவு செய்தவரும் நானும் மூன்று முறை கேட்டோம். பதினாறு வயலின்களும் ஒன்றாகவே தொடங்குகின்றன. தாங்கள் சொல்லும் ஒலி அதில் இல்லை. தங்கள் பிளேயரை, அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது. தங்கள் மகளைப் பற்றிய முடிவை அவரிடமே சொல்வதுதான் முறை. எனினும், கழற்ற வேண்டாம், அப்படியே ஓடட்டும் என்ற தங்கள் பரிந்துரையில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை."

அந்த வேலை தெரிந்த ஒருவன் பிளேயரைத் திறந்து பார்த்தான். தட்டு முடியப்போகிற நேரத்தில் முள் பிடித்திருக்கும் கையைத் தூக்கிவிட ஒரு நெம்புகோல் இருக்கிறது, அது பத்தொன்பதாவது நிமிடத்துக்கு மேல்தான் நகர ஆரம்பிக்கும். அதன் அடியில் அது சுழல்கிற குட்டி வளையம், புஷ் என்போம், எலும்பாகக் காய்ந்து, நகர ஆரம்பிக்கும்போது நூல் மாதிரி கீச்சிட்டது. நான் கிரீஸ் வைக்க மறந்த ஒரே இடம். தையல்காரர் விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கத்தரிக்கோலோடு மேலே வந்தார், ஆகையால் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது கதவைத் திறக்கிற ஆளைப் பார்த்து வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்விடாதே.

ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி போட்டேன். அந்த இடம் வந்தது. தாடிக்காரர் நிறுத்தினார். அமைதி. பிறகு பதினாறு பேரும் ஒரே ஆளாக ஆரம்பித்தீர்கள். நூல் சத்தம் போய்விட்டது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது, பதினோரு நாள் தேடி எடுத்த பொருளை எண்ணெய் விட்டு நானே கழுவிவிட்டேனே என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, "இப்பவாவது கேட்டுச்சா?" என்றாள். "என்னது?" "உங்க பொண்ணு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூக்கால மூச்சை இழுக்கிறாளே, ஃபோன் பண்ணும்போதும் அப்படித்தானே இழுப்பா." திரும்பப் போட்டேன். அந்த அமைதிக்குள் இருக்கிறது. மெல்லியதாக ஒரு இழுப்பு, பாதியில் ஒரு சின்னத் தடுக்கல், பிறகு பதினாறு வயலின். "உனக்கு இது எப்பத் தெரியும்?" என்றேன். "முதல் நாளே." "அப்புறம் ஏன் சொல்லல?" "அது அவ இல்லைன்னு சொன்னேன்ல. அப்ப அவ எங்கேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

ஒருத்தர் இல்லேன்னா யாருக்குத் தெரியும் என்று அன்று கேட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியும். இன்று மத்தியானத்திலிருந்து எனக்கும் தெரியும். இதுவரை பதினேழு தரம் போட்டுவிட்டேன், பதினேழு தரமும் நீ மூச்சை இழுத்தாய். அடுத்த தடவை ஃபோன் செய்யும்போது உடனே அம்மாவைக் கேட்காதே. இந்த மூச்சைப் பற்றி நான் யாருக்கும் அறிக்கை அனுப்பவில்லை.